1973 புல்லட் 350: பிளேட் மாற்றியும் கிளட்ச் நழுவுகிறது

ஜூன் 8, 2024 (கேள்வி)

சித்தப்பாவின் 1973 புல்லட். மிக்ஜாம் புயல் வந்த டிசம்பரில் வேளச்சேரி வீட்டு வாசலிலேயே டேங்க் வரை தண்ணீரில் நின்றது. இன்ஜினை இறக்கி, ரீபோர் செய்து (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து), புது பிஸ்டன், ரிங் போட்டு, பெயின்ட் அடித்து, போன மாதம்தான் ரோட்டுக்கு வந்தது. இப்போது மூன்றாவது, நான்காவது கியரில் முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. மெக்கானிக் கிளட்ச் பிளேட் செட் மாற்றினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. இப்போது ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றலாம் என்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை. முதல் கியர் போட்டால் வண்டி துள்ளுகிறது. மொத்த செட்டையும் மாற்றிவிடலாமா?

ஜூன் 8, இரவு

மாற்றாதீர்கள் தம்பி. பணத்தை அப்படியே பையில் வையுங்கள்.

நீங்கள் எழுதியதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. நழுவுகிறது, துள்ளுகிறது, புகைகிறது. நழுவுவது என்றால் பிளேட்டுகள் போதுமான அளவு பிடிக்கவில்லை. துள்ளுவது என்றால் விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. இரண்டும் நேர் எதிர். ஒரே வண்டியில் இரண்டும் இருந்தால் பிளேட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் பிளேட் எதில் ஊறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று ராத்திரியே பார்க்கக் கூடியவை: கிளட்ச் லீவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா? இரண்டு மி.மீ. அளவுக்காவது சும்மா ஆட வேண்டும். விறைப்பாக இருந்தால் கேபிளே பிளேட்டைப் பாதி பிரித்து வைத்திருக்கும், எத்தனை செட் மாற்றினாலும் நழுவும். வலது பக்கம் கியர்பாக்ஸ் மூடியில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே கிளட்சைத் தள்ளும் புஷ்ராட்டின் அட்ஜஸ்டர். அங்கேயும் ஆட்டம் வேண்டும். கேபிளில் மட்டும் சரி செய்து இதை மறந்துவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கிக்கர். இந்த வண்டியில் கிக் அடிக்கும் விசை கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிக்கர் வழுக்கிக்கொண்டு இறங்கி, இன்ஜின் சுற்றாமல் இருக்கிறதா? அப்படியானால் நழுவுவது உறுதி. ரோட்டில் போய்ச் சோதிக்கத் தேவையே இல்லை.

ஜூன் 8, இன்னொன்று

கேட்க மறந்தது. இடது பக்கம் பிரைமரி செயின் கேஸில் (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் இருக்கும் பெட்டி) என்ன ஆயில்? கார் ஆயில் கேன் வீட்டில் மிச்சமிருந்தது என்று ஊற்றினால் அதிலுள்ள வழுவழுப்பூட்டும் மருந்து கிளட்சுக்கு எதிரி. கேன் மேல் ஜாசோ எம்ஏ என்ற தர முத்திரை இருந்தால் ஈரக் கிளட்சுக்கு, அதாவது ஆயிலில் ஓடும் கிளட்சுக்கு, ஒத்துவரும். சென்னை வெயிலுக்கு 20டபிள்யூ-50 போதும். விலை உயர்ந்த சிந்தெட்டிக் எல்லாம் இந்த இன்ஜினுக்குப் பட்டு வேட்டி.

ஜூன் 11

லீவரில் ஆட்டம் இருக்கிறது, ஆயிலும் சரியான ஆயில், கிக்கர் சில நேரம் வழுக்குகிறது என்கிறார் தம்பி. அதைவிட முக்கியமானது அவர் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியது: செயின் கேஸ் லெவல் ஸ்குருவைக் கழற்றினால் ஆயில் 'கொட்டுகிறது'.

கொட்டக் கூடாது. நேராக சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் அந்த ஓட்டையின் உதடு வரைதான் ஆயில் இருக்க வேண்டும். கழற்றினால் கசிந்து நிற்க வேண்டும். கொட்டுகிறது என்றால் பிளேட்டுகள் முழுக்க எண்ணெயில் மிதக்கின்றன.

மெக்கானிக் கண்ணளவில் ஊற்றியிருக்கலாம். அது நல்ல செய்தி. இல்லையென்றால் ஆயில் வேறெங்கிருந்தோ வந்து சேர்கிறது. எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. லெவல் வரை வடிய விடுங்கள், ஸ்குருவை மூடுங்கள், இன்ஜின் ஆயிலின் அளவைக் குச்சியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோவளம் வரை போய் வாருங்கள், ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி லெவல் ஸ்குருவைத் திறங்கள்.

ஜூன் 16

போய் வந்துவிட்டார். உத்தண்டி தாண்டும் வரை கிளட்ச் பிரமாதமாம். திரும்பி வரும்போது டோல்கேட் அருகே மறுபடி நழுவல். வீட்டில் லெவல் ஸ்குருவைத் திறந்தால் மறுபடி வழிகிறது. வழிந்தது கறுப்பு. அவர் ஊற்றியது தேன் நிறம்.

குச்சியில் இன்ஜின் ஆயில் இறங்கியிருக்கிறது.

ஆக, இன்ஜின் ஆயில் செயின் கேஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கிளட்ச் பிளேட் ஒரு பாவமும் செய்யவில்லை. புது பிளேட் போட்டதும் இரண்டு வாரம் நன்றாக இருந்ததற்கும் காரணம் இதுதான். பிளேட் மாற்றும்போது பழைய ஆயிலை வடித்து அளவாக ஊற்றியிருப்பார்கள். வண்டி ஓடியது பிளேட் புதிதாக இருந்ததால் அல்ல, ஆயில் அளவாக இருந்ததால்.

ஜூன் 16, மாலை

ஒருவர் விடாமல் 'ஸ்பிரிங்தான், ஸ்பிரிங்தான்' என்கிறார். ஸ்பிரிங் தளர்ந்தால் நழுவும், மறுக்கவில்லை. ஆனால் தளர்ந்த ஸ்பிரிங் வீட்டு வாசலிலும் தளர்ந்தேதான் இருக்கும். உத்தண்டி வரை காத்திருந்து நழுவாது.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் புஷ்ராட் ஓட்டை வழியாகக் கிளட்சுக்கு வரலாமே? வரலாம். இந்த வண்டியில் இருக்கும் ஆல்பியன் ரக கியர்பாக்ஸில் அதுவும் நடக்கும். ஆனால் கியர்பாக்ஸ் அளவு குறையவில்லை, வழிந்தது கெட்டியான கியர் ஆயிலும் இல்லை. அதனால் இந்த வண்டியில் அது கிடையாது.

ஜூன் 18

நீலப்புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ரீபோர் சரியில்லை, ரிங் மாற்று' என்று ஒரு கோஷ்டி கிளம்பிவிட்டது.

இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை, கிராங்க் கேஸோடு (இன்ஜினின் அடிப்பெட்டி) ஒரே வார்ப்பு. வண்டி பல நாள் சும்மா நின்றால் டேங்கில் இருக்க வேண்டிய ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து ஃபிளைவீல் சுற்றும் அறையில் தேங்கும். பிறகு ஒருநாள் கிக் அடித்தால் ஃபிளைவீல் அந்த ஆயிலைக் கடைந்து மேலே எறியும். புகை வரும். ரிட்டர்ன் பம்ப் அதை டேங்குக்கு அனுப்பி முடித்ததும் புகை நின்றுவிடும். ஓடிச் சூடான பிறகும் முறுக்கும்போதெல்லாம் புகைந்தால்தான் ரிங். காலையில் மட்டும், சில நிமிடம் மட்டும் என்றால் ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நின்ற வண்டியில் குச்சியில் அளவு குறைவாகத் தெரிகிறதே என்று மேலே ஊற்றுவார்கள். குறைந்தது கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். ஓட்டி, நிறுத்தி, அப்புறம் பாருங்கள். ஜூன் 11-இல் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும்: புறப்படும் முன் பார்த்த அளவு நம்பத் தக்கதல்ல, பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பார்த்த அளவே கணக்கு. தம்பி வேலைக்குப் போய் வந்த வண்டியில் பார்த்ததால் அவர் கணக்கு சரிதான்.

ஜூன் 23

வில்லிவாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் ரோடு காலியாக இருக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கத்திப்பாராவில் எல்லோரும் அதை நம்பி வந்திருந்தார்கள்.

வண்டி அழகாக இருக்கிறது. கறுப்பு டேங்கில் தங்கக் கோடு கையால் போட்டது, ஒரு இடத்தில் லேசாக நடுங்கியிருக்கிறது, அதுதான் அழகு. இன்ஜின் பாலிஷ் கண்ணாடி. அந்தப் பாலிஷ்தான் வில்லன்.

கிராங்க் கேஸிலிருந்து ஒரு காற்றுக்குழாய் வெளியே வர வேண்டும். தேடினேன். ரப்பர் குழாய் புதிது, பின்னால் வளைந்து செயின் கார்டு அருகே போகிறது, முனையில் ஒரு போல்ட் செருகி கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறது. 'ஏன் தம்பி இது?' என்றால், 'எண்ணெய் சொட்டி குரோமைக் கெடுக்குதுண்ணே, பெயின்ட் அடிச்ச கடையில அடைச்சுக் கொடுத்தாங்க' என்கிறார்.

சரி. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே காரியத்தை வேறு வண்டிகளிலும் செய்துவைத்திருக்கிறார்கள்.

இந்த இன்ஜின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதே 346 சி.சி. இடத்தை கிராங்க் கேஸுக்குள்ளிருந்து பறித்துக்கொள்கிறது. உள்ளே இருந்த காற்று எங்காவது போக வேண்டும். இரட்டை சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும், காற்று உள்ளேயே இடம் மாறிக்கொள்ளும். இங்கே அந்த வசதி இல்லை. அதற்காகத்தான் இந்தக் குழாயும், முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வும். வெளியே விடும், உள்ளே இழுக்காது. அதனால் ஓடும்போது உள்ளே லேசான வெற்றிட நிலை இருக்கும், எண்ணெய் தன் இடத்தில் இருக்கும்.

வாயை அடைத்தால் காற்று பலவீனமான இடத்தைத் தேடும். வால்வு புஷ்ராட் மூடி பேக்கிங்கில் வரும், ராக்கர் மூடியில் வரும். எல்லாவற்றையும் விட எளிதான வழி, இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயினைச் சுற்றும் பல்சக்கரம்) பின்னால் இருக்கும் ஆயில் சீல். அதைத் தாண்டினால் செயின் கேஸ். செயின் கேஸில் கிளட்ச்.

போல்ட்டைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து குழாய் முனையில் கட்டைவிரலை வைத்தேன். தள்ளுகிறது, உடனே இழுக்கிறது, தள்ளுகிறது, இழுக்கிறது. அதாவது வால்வு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நல்ல வால்வு இருந்தால் விரலில் தள்ளல் மட்டும் தெரியும். இந்தச் சோதனைக்கு விரல் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

ஜூன் 24

'அப்படியானால் போல்ட்டை எடுத்தாயிற்று, வால்வு போட்டால் முடிந்ததா?' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இல்லை. அழுத்தம் வாங்கிய சீல் உதடு பிதுங்கியிருக்கும். அது தானாகத் திரும்பாது. அதைவிட, சீல் உரசும் வளையத்தைப் பார்க்க வேண்டும். வண்டி தண்ணீரில் நின்றது என்பதை மறக்கக் கூடாது.

ஜூன் 30

செயின் கேஸைத் திறந்தோம்.

இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்ற வேண்டும் (வலது காலில் கியர், இடது காலில் பிரேக், இன்றைய பிள்ளைகள் முதல் சிக்னலிலேயே கற்றுக்கொள்வார்கள்). செயின் கேஸ் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு பெரிய நட். சுற்றிலும் ரப்பர் வளையம். கீழே அகலமான தட்டு வையுங்கள். வைத்தாலும் கொஞ்சம் தரைக்குப் போகும். அத்தை முன்கூட்டியே தினத்தந்தி விரித்து வைத்திருந்தார், அனுபவசாலி.

உள்ளே: மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரின் அசையாத பாகமான ஸ்டேட்டர், அதற்குள் சுற்றும் ரோட்டர், அதற்குப் பின்னால் இன்ஜின் ஸ்ப்ராக்கெட், இரட்டை வரிசைச் செயின், கிளட்ச். செயினுக்கு மூட்டு இல்லை. ஆகவே ஸ்ப்ராக்கெட்டும் கிளட்சும் செயினோடு ஒன்றாகத்தான் வெளியே வரும். ஒன்றை மட்டும் நெம்பி எடுக்கப் பார்க்காதீர்கள். கிளட்ச் மையத்துக்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும், சுத்தியலும் உளியும் புல்லர் அல்ல. இந்த வண்டியின் கிளட்ச் நட்டில் உளி வெட்டு இருக்கிறது, 50 வருஷத்தில் யாரோ ஒருவர்.

பிளேட்டுகள் நன்றாகத்தான் இருந்தன, மேலே பளபளப்பு ஏறியிருந்தது, அவ்வளவே. பெட்ரோலில் கழுவி, தட்டையான கண்ணாடி மேல் மணல் தாளை விரித்து, இரும்புத் தட்டுகளை எட்டு வடிவத்தில் தேய்த்தால் போதும். கண்ணாடி மேல் வைக்கும்போதே ஒரு தட்டு ஓர் ஓரத்தில் 'டக் டக்' என்று ஆடியது. வளைந்திருக்கிறது. துள்ளலுக்குப் பாதிக் காரணம் கிடைத்தது.

மீதிப் பாதி பாஸ்கெட்டில், அதாவது பிளேட்டுகள் உட்காரும் கூடையில். பிளேட்டின் காதுகள் உட்காரும் பள்ளங்களின் சுவரில் விரல் நகத்தை ஓட்டினால் படிப்படியாகத் தட்டுகிறது. வருஷக்கணக்காகக் காதுகள் இடித்து இடித்து வெட்டிய பள்ளம். கிளட்ச் பிடித்தால் பிளேட்டுகள் அந்தப் படிகளில் மாட்டிக்கொண்டு பிரியாது. தட்டை அரம் போட்டுச் சமப்படுத்தலாம். மெல்லமாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக. ஒரு பக்கம் அதிகம் அரைத்தால் ஒரு காது மட்டும் பாரம் தாங்கும். பள்ளம் மிக ஆழமாக இருந்தால் பாஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும். இது அரத்துக்கு அடங்கியது.

ஆயில் சீலை எடுத்தபோது உதடு கல் மாதிரி விறைத்துப் போயிருந்தது. எதிர்பார்த்ததுதான். அது உரசும் வளையத்தில், நடுவில், துரு தின்ற ஒரு கோடு. வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிகிறது, ஆனால் நகம் அதில் விழுகிறது. நகம் விழுந்தால் புது சீல் போட்டாலும் கசியும்.

ஜூலை 2

புதுப்பேட்டை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். சீல் வாங்கும்போது 'புல்லட் சீல் கொடுங்க' என்று கேட்டால் நாலு விதம் எடுத்துப் போடுவார்கள். பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்று எண்களும் அச்சடித்திருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள். தேய்ந்து போயிருந்தால் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். புது சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கேயும் கவனம், அட்டைப் பெட்டி மட்டும் அசலாக இருக்கும்.

வளையம் புதிதாகக் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றில் விட்டம் ஒத்துவரவில்லை. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் பழையதைக் காட்டி அதே அளவில் ஒன்று கடைந்து வாங்கினோம். வெளி முகம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் பெரியவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 3

இந்த விவாத இழை திசை மாறிவிட்டது. '1973 என்றால் இங்கிலாந்து இன்ஜின், அதனால் நம்மூர் சீல் ஒத்துவராது' என்று ஒருவர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பாகங்களை அங்கிருந்து கொண்டுவந்து கோர்த்தார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே எல்லாம் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியாகிவிட்டது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே 1970-இல் நின்றுபோனது. 1973 வண்டிக்கு எப்படி அங்கிருந்து இன்ஜின் வரும்? இது சுத்தமான மெட்ராஸ் இன்ஜின்.

இன்னொருவர், மிக்கார்ப் கார்பரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு பழைய இங்கிலாந்து ஆமல் கார்பரேட்டர் போட வேண்டும், அப்போதுதான் 'ஒரிஜினல்' என்கிறார். காட்சிக்கு வைப்பதானால் போடுங்கள். சித்தப்பாவின் மிக்கார்ப் விஎம்24 ஒழுங்காக ஐட்லிங் நிற்கிறது, ஜெட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஓடுகிற வண்டியில் ஓடுகிற சாமானை எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

ஜூலை 7

மூடியாகிவிட்டது. சிலவற்றை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஸ்டேட்டரைப் பூட்டிய பிறகு ரோட்டருக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.2 மி.மீ. எல்லா இடத்திலும் நுழைய வேண்டும். ஓரிடத்தில் உரசினால் ஓடும்போது ஸ்டேட்டரைத் தின்றுவிடும்.

பிரைமரி செயினில் சுமார் 6 மி.மீ. மேல் கீழ் ஆட்டம். ஆனால் ஓரிடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள், கிக்கரால் சுற்றிச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். பழைய செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை.

கிளட்ச் ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரம் பார்த்தோம். ஒன்று மட்டும் குட்டை. ஸ்பிரிங் கோஷ்டிக்கு இது ஆறுதல் பரிசு. செட்டாகவே மாற்றினோம், ஏனென்றால் உயரம் வேறுபட்டால் பிரஷர் பிளேட் கோணலாக எழும், கோணலாக எழுந்தால் பிரியாது. மூடும் முன் கிளட்ச் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும்: பிரஷர் பிளேட் ஆடாமல் சுற்றுகிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

கிளட்ச் புஷ்ராட்டின் முனை காளான் மாதிரி விரிந்திருந்தது. தேய்த்துச் சரி செய்து, அட்ஜஸ்டரில் ஆட்டம் வைத்து, கடைசியில்தான் கேபிள். ஆர்டர் மாறக் கூடாது.

காற்றுக்குழாய்க்குப் புது வால்வு, முனை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள். குரோம் தப்பித்தது, சீலும் தப்பித்தது.

ஜூலை 8

நழுவல் இல்லை. துள்ளல் இல்லை, அதாவது கிட்டத்தட்ட இல்லை. காலையில் முதல் தடவை மட்டும் லேசாக. அது எல்லா புல்லட்டுக்கும் உண்டு, ராத்திரி முழுக்க நின்றதில் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலு தடவை மிதியுங்கள். பிரிந்துவிடும். சித்தப்பா இதைச் செய்வதைச் சின்ன வயதில் பார்த்து 'ஏன் கிளட்ச் பிடிச்சுக்கிட்டு உதைக்கிறார்' என்று தம்பி சிரித்திருக்கிறாராம்.

ஜூலை 14

கிளட்ச் முடிந்தது என்றால் இப்போது கிக்கர் உதைக்கிறது. நேற்று ஆபீஸ் போகும் அவசரத்தில் ஒரு அடி, முழங்கால் வரை வலி என்கிறார்.

முதலில் உதைக்கும் முறை. ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல இறக்குங்கள். முள் மைனஸ் பக்கமிருந்து நடுவுக்கு வந்ததும் நில்லுங்கள், டீகம்ப்ரஷரைப் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்து இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள், விடுங்கள், கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் கீழ் வரை மிதியுங்கள். பாதியில் நிறுத்துகிற காலைத்தான் இந்த வண்டி கடிக்கும்.

முறை சரியாக இருந்தும் உதைத்தால், பாயிண்ட் (பிளக்கில் பொறி வரும் கணத்தைத் தீர்மானிக்கும் சுவிட்ச்) தட்டுக்குக் கீழே இருக்கும் அட்வான்ஸ் எடைகளைப் பாருங்கள். இரண்டு சின்ன எடைகள், இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள். ஆர்.பி.எம். ஏறினால் எடைகள் விரிந்து பொறியை முன்னால் நகர்த்தும், இறங்கினால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் நின்ற வண்டி. துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே மாட்டியிருந்தால் கிக் அடிக்கும்போதே பொறி மிக முன்னால் வரும், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் வெடித்து, கால் திரும்பி வரும். விரலால் திருப்பிவிட்டுப் பாருங்கள், 'டப்' என்று தானாகத் திரும்ப வேண்டும்.

ஜூலை 15

மாட்டித்தான் இருந்ததாம். மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்து, துரு சுரண்டி, ஒரு சொட்டு ஆயில். இப்போது திரும்புகிறது.

அதைத் தொட்டதால் டைமிங்கையும் பார்த்துவிடுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. முதலில் அதை வைத்துவிட்டுத்தான் டைமிங், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால், எடைகள் சுருங்கிய நிலையில், பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் ஓட்டையில் சைக்கிள் ஸ்போக் விட்டு உச்சியைக் கண்டுபிடிப்பார்கள், செய்யலாம், ஆனால் 0.8-ஐ ஸ்போக்கில் அளக்க முடியாது. டயல் கேஜ் இரவல் கிடைத்தால் நல்லது. பாயிண்ட் திறக்கும் கணம் தெரிய ஆம்பியர் மீட்டர் முள் போதும்.

டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) கையோடு பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஜில்லென்று இருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில். வால்வு புஷ்ராட் விரலில் சுற்ற வேண்டும், மேல் கீழ் ஆடக் கூடாது. அவ்வளவுதான் கேப், ஃபீலர் கேஜ் வேண்டாம். சத்தம் வருகிறதே என்று இறுக்குகிறவர்கள் சூடான பிறகு வால்வைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் டக் டக் இருக்கட்டும்.

ஜூலை 28

ஆர்.சி. விவகாரம் ஒருவர் கேட்டார். 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விஏ என்ற எழுத்துகளோடு நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, விண்டேஜ் ராலி, டெக்னிகல் ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும். தம்பி இதில் ஆபீஸ் போகிறார். அதனால் பழைய நம்பரையே 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதுதான் அவருக்குச் சரி. அந்தப் பழைய நம்பரை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது.

எத்தனால் பெட்ரோல் பற்றி: மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும், பெட்ரோல் திறந்து மூடும் காக்கில் உள்ள கார்க்கையும் விடாது. பெட்ரோல் குழாயை இப்போது விற்கிற எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். விலை வித்தியாசம் ஒரு டிபன் காசு.

ஆகஸ்ட் 11

மறுபடி கோவளம். இந்த முறை மாமல்லபுரம் வரை போயிருக்கிறார். லெவல் ஸ்குருவைத் திறந்ததும் ஆயில் உதட்டில் நின்றது, தேன் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, கறுப்பு இல்லை. குச்சியில் அளவு அசையவில்லை. காலைப்புகை, அவரே சொல்கிறபடி, தினமும் ஓட்டினால் இல்லை, ஊருக்குப் போய் வந்தால் உண்டு. அதை அப்படியே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நுரைத்த மாதிரி கொஞ்சம் எண்ணெய், தண்ணீரும் கலந்து. அது சரிதான், அதுதான் வெளியே வர வேண்டியது. மாதம் ஒருமுறை கொட்டுங்கள்.

ஆகஸ்ட் 12

பழைய டூ ஸ்ட்ரோக் யெஸ்டி வைத்திருப்பவர் 'எனக்கும் கிளட்ச் நழுவுகிறது, புகை வருகிறது, நானும் காற்றுக்குழாயைப் பார்க்கவா' என்று கேட்டிருக்கிறார். பார்க்காதீர்கள், உங்கள் வண்டியில் அப்படி ஒன்று இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பெட்ரோல் கலவையை உறிஞ்சும் இடம். அங்கே சீல் போனால் கதை தலைகீழ்: பிரைமரி பக்க ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கும், அளவு குறையும், ஏறாது. புகை சூடான பிறகும் நிற்காது. உங்கள் கியர்பாக்ஸ் ஆயில் குறைகிறதா, எவ்வளவு நாளில் குறைகிறது, வண்டி எந்த வருஷம், என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று எழுதி, தனி இழை தொடங்குங்கள். அங்கே வருகிறேன்.